மலையைப் பார்த்து மீன் பிடித்தவர்கள்

குமரி மாவட்டத்தின் முட்டத்துக் கடலில் நான் தொழில் பழகிய காலத்தில், கட்டுமரத்தின் நடுவில் நனைந்து உட்கார்ந்து தண்ணீரையே வெறித்துக்கொண்டிருப்பேன். பின்தலையில் துடுப்புப் பிடித்திருக்கும் தாய்மாமா அதட்டுவார்: "தண்ணியில என்னலே பாக்க? மலயப் பாரு. மீனு கெடக்க எடம் அங்கதான் இருக்கு."

கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டை "பார்" என்போம். அதற்கு மேலே தண்ணீரில் எந்த அடையாளமும் இராது. கரையில் நிற்கும் ஒரு கோயில் கோபுரமோ கலங்கரை விளக்கமோ, பின்னால் வேளிமலைப் பக்கத்து முகடு ஒன்றோடு நேராகச் சேர வேண்டும். வேறொரு திசையில் இன்னொரு சோடி அதேபோல் சேர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கினால் கீழே பார். இதுதான் கணிச்சம். எந்தக் கோபுரம், எந்த முகடு என்பதை இங்கே எழுத மாட்டேன். அது தாத்தா மாமாவுக்குத் தந்த சொத்து.

கணிச்சம் சரிதானா என்பதைக் கை சொல்லும். தங்கூசி நூலின் நுனியில் கட்டிய ஈயம் பாரில் பட்டால் விரலில் ஒரு தட்டுத் தெரியும். சேற்றில் விழுந்தால் ஓசையில்லாமல் புதையும். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடுகிறது. நீவாடு வலுத்தால் ஈயம் தரையில் நிற்காது, இரை மீன் இருக்கும் இடத்துக்குப் போகாது. கனமான ஈயம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஓட்டம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவும் பிடிபட்ட பிறகுதான் முள்ளில் சாளைத் துண்டைக் குத்த மாமா என்னை விட்டார். கலவாயும் விளமீனும் பிறகு தாமாக வந்தன.

இப்போது என் தங்கச்சி மகன் தொழிலுக்கு வந்திருக்கிறான். அவனிடம் இருப்பது பைபர் வள்ளம், பின்னால் அவுட்போர்டு எஞ்சின். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பைபர் வள்ளங்கள் கட்டுமரத்தை ஏறக்குறைய கரையேற்றிவிட்டன. கட்டுமரம் ஓட்டை விழுந்து மூழ்காது, ஏறும் தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். வள்ளம் வேகமானது, ஆனால் உள்ளே வந்த தண்ணீரை நாம்தான் இறைக்க வேண்டும். ஆகவே தண்ணீர் இறைக்கும் வாளியைக் கயிற்றில் கட்டிவைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொடவிட்டேன்.

அவன் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. யாரோ அனுப்பிய எண்களைத் தட்டினால் நேராகப் பாரின் தலையில் போய் நிற்கிறான். நான் பல பருவங்கள் காத்துக் கற்றது அவனுக்கு முதல் நாளே கிடைக்கிறது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, கவலை இருக்கிறது. ஒரு பாரின் எண் கைபேசியில் பரவினால் அடுத்த விடியலில் அதன்மேல் வள்ளங்கள் நெருக்கியடிக்கின்றன. முன்பு சில குடும்பங்களுக்கு மட்டும் தெரிந்திருந்ததால் பாருக்கு ஓய்வு கிடைத்தது. இன்னொரு கவலை விசைப்படகுகள். அவை கரையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது 1983 சட்டத்தின்படி வந்த விதி. அந்த எல்லைக்குள்தான் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு. அதை மீறி விசைப்படகு மடிவலை இழுத்துத் தரையைச் சுரண்டிய இடத்தில் ஈயம் இறக்கிப் பார்த்தால் அந்தத் தட்டு விரலில் வருவதில்லை.

பழையதெல்லாம் உயர்ந்தது என்று அவனிடம் நான் சொல்வதில்லை. எங்கள் காலத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டவனைக் கோழை என்றார்கள். அவன் அதைப் போடாமல் வள்ளத்தில் கால் வைக்க நான் சம்மதிப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் இன்னும் அழுகை ஓயவில்லை என்பது எனக்குத் தெரியும். கள்ளக்கடலை மாமாவாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இப்போது அந்த எச்சரிக்கையை முன்னதாகவே தருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அவன் கயிறு அவிழ்க்க வேண்டும்.

ஆனி, ஆடியில் வள்ளம் இறக்கிப் பழகாதே, தை மாசியில் பழகு என்றேன். விடியலுக்கு முன் கரைக்காற்றில் போய், வெயில் ஏறிக் கடற்காற்று வலுக்குமுன் திரும்பிவிடு என்றேன். பெரிய திரைகள் கூட்டமாக வந்து ஓய்ந்த பிறகு வரும் இடைவெளியில் வள்ளத்தைத் தள்ளு என்றும் சொன்னேன். ஆனால் தள்ளுவதற்கு மணல் எங்கே? கட்டுமரம் ஏற்றி, கட்டு அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் காயப்போட்ட கரைகளில் பல இடங்களில் இன்று கடல் அரிப்புக்குக் கருங்கல் சுவர் நிற்கிறது, தூண்டில் வளைவு நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கல் மலையை உடைத்து வருவது. குவாரி ஒரு முகட்டைத் தின்றால் மலையோரத்து ஊருக்கு நேரும் கேடு எல்லோருக்கும் தெரிகிறது. அந்த முகட்டோடு கடலில் ஒரு பாரின் முகவரியும் அழிந்துபோவது எங்களுக்குத்தான் தெரியும். கரையில் எழும் மாடிக் கட்டடங்கள் மீதிக் கோடுகளை மறைக்கின்றன.

அதனால் அவனோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டு என் கணிச்சத்தை வைத்துப் பாரைத் தேடுகிறோம். ஈயம் தட்டிய பிறகு ஜி.பி.எஸ்.ஸை இயக்கி இடத்தைப் பதிவு செய்கிறான். கோபுரமும் முகடும் சேர்ந்த கோட்டை நான் நோட்டில் படமாக வரைந்து, பக்கத்தில் அவன் பதிவு செய்த எண்ணை எழுதுகிறேன். "மாமா, இத யாருக்கும் அனுப்ப மாட்டேன்" என்கிறான். என் தாய்மாமாவின் கூட்டாளி ஒருவர் படுக்கையில் இருக்கிறார். மேற்கே உள்ள பார்களின் கணிச்சம் அவருக்கு மட்டுமே தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு அவர் வீட்டுக்குப் போகிறோம்.