விலைப்பட்டியலும் அண்ணாச்சியும்

தொண்ணூறுகளில் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் வீட்டுக்குச் சிவகாசி விலைப்பட்டியல் வந்துவிடும். லட்சுமி வெடியிலிருந்து பாம்பு மாத்திரை வரை எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு விலை. அடியில் கொட்டை எழுத்தில் தள்ளுபடி. அந்த முழு விலையைக் கொடுத்து யாரும் பட்டாசு வாங்கியதில்லை. கழித்துக் காட்டுவதற்கென்றே ஏற்றி வைத்த விலை அது. அப்பாவுக்கும் தெரியும், கடைக்கார அண்ணாச்சிக்கும் தெரியும்.

அதனால் தள்ளுபடி எவ்வளவு என்று அப்பா கேட்கவே மாட்டார். விருதுநகரிலிருந்து சித்தப்பாவின் வேனில் அண்ணாச்சி கடையில் போய் இறங்கியதும் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார். புஸ்வாணத்தில் மருந்து இறுகி இருக்கிறதா, கம்பி மத்தாப்பு தொட்டால் உதிர்கிறதா, பெட்டி மேல் எந்த வருஷம் போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆயிரம் வாலாவில் ஆயிரம் வெடி இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் சரத்தை முழம் போட்டுத்தான் விலை பேசுவார்.

“அண்ணாச்சி, போன வருஷச் சரக்கு மாதிரி இருக்கே?”

“நமுத்துப் போயிருந்தா திரும்ப இங்கதான வருவீக? வந்து என் சட்டையப் பிடிங்க.”

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அப்பா பணம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று அதே பட்டியல் கைபேசிக்கு வருகிறது. அதே லட்சுமி வெடி, அதே கொட்டை எழுத்து. தள்ளுபடி மட்டும் 90 சதவீதம் ஆகியிருக்கிறது. பிரித்துப் பார்க்கப் பெட்டி இல்லை, சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை. பொய் விலை என்று தெரிந்தே வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அந்தப் பொய் விலையை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி ஆபத்து விலகும். ஆனாலும் ஐப்பசி நெருங்கும்போது சிவகாசி பெயரை ஒட்டவைத்துக்கொண்டு புதுப்புதுத் தளங்கள் முளைக்கின்றன. ‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். இப்படிப் போலி அவசரம் காட்டுவதை ஏமாற்று உத்தி என்று மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. அண்ணாச்சி யாரையும் அவசரப்படுத்தியதில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

எங்கள் குடியிருப்பில் மேல்தளத்துத் தம்பி ஒருவர் அப்படி ஒரு தளத்தில் 6,000 ரூபாய் கட்டினார். பில் வந்தது, லாரி ஆபீஸ் ரசீது என்று ஒரு படமும் வந்தது, சரக்கு வரவில்லை. கேட்டபோது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார்கள். நல்லவேளையாக அங்கே நிறுத்திக்கொண்டார். யுபிஐ-இல் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. அதைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

அவர் என்னிடம் சொன்னது இரண்டு நாள் கழித்து. வெட்கம். படித்தவன் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்றார். ஏமாற்றியவன் குற்றவாளி, ஏமாந்தவர் தலைகுனிய ஒன்றுமில்லை என்பதை நாம் வீட்டில் உரக்கச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் நேரம்தான் எல்லாம். இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைத்தால், பணம் கைமாறிப் போவதற்குள் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. இரண்டு நாளில் அது எத்தனை கணக்குகளைத் தாண்டியிருக்குமோ.

ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிட்டிருந்தார். வங்கிக் கணக்கு அறிக்கையைத் திறந்து தேடினோம்; பரிவர்த்தனை எண் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, என் மேசையில் உட்கார்ந்தே 1930-க்குப் போன் போட்டார்.