கூழும் விளக்கவுரையும்: வர்க்கத்தை அளக்க ஒரு புதிய அளவுகோல்

ஒருவர் எந்த வர்க்கம் என்பதை அவர் தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது பழைய கொள்கை. வானம் பார்த்த பூமியில் நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அடுப்பேறி, மற்ற நாளெல்லாம் கம்பும் கேப்பையும் கொதித்த வரையில் அது செல்லுபடியானது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி எடுபட்டதற்குப் பஞ்சமும் விலையும் காரணம் என்பார்கள். அரிசி அன்று அந்தஸ்தாகவும் இருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய்க்கு இறங்கியது. 2011 ஜூனில் அந்த ஒரு ரூபாயும் போயிற்று. அரிசி எல்லார் பானைக்கும் வந்து சேர்ந்ததும், வசதியான வீடுகளில் வரகும் தினையும் குதிரைவாலியும் குடியேறின. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததில், கேப்பைக்கு உலக மரியாதையே கிடைத்துவிட்டது. ஆகவே தட்டை மட்டும் பார்த்து இன்று எதையும் முடிவு செய்ய முடியாது.

தட்டில் இருப்பதை விட்டுவிட்டு, தட்டோடு சேர்ந்து வரும் பேச்சை அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. உணவுக்குத் தரப்படும் விளக்கம் எவ்வளவு நீள்கிறதோ, உண்பவரின் வர்க்கம் அவ்வளவு உயர்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவர் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றைப் பிழிந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொள்கிறார்; உரை ஏதும் இல்லை. அதே சோறு பெரிய ஓட்டலில் மண்சட்டியில் வரும்போது, இரவு முழுக்கப் புளித்தது, குடலுக்கு உகந்தது, முன்னோர் அறிவு என்று மெனு அட்டையில் ஒரு பத்தி முன்னால் வருகிறது. சோற்றின் அளவு குறைந்திருப்பதையும் கவனிக்கலாம். பத்திக்கு இடம் வேண்டுமல்லவா. காப்பியும் இதற்கு விலக்கல்ல. ‘காப்பி’ என்றால் பானம். ‘டிகிரி காப்பி’ என்றால் பானத்தோடு ஒரு வரலாறும் உண்டு. டவராவில் ஆற்றுவதற்குள் அதைக் கேட்டு முடிக்க வேண்டும்.

மறுப்புகள் எழும். சிறுதானியம் உடம்புக்கு நல்லது, அதனால்தான் உண்கிறோம் என்பது முதல் மறுப்பு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மையே. ஆனால் களி கிண்டியவர்கள் காலத்திலும் அது இருந்தது. அப்போது அதைக் கண்டு யாரும் பொறாமைப்படவில்லை. உமி நீக்கும் செலவால்தான் வரகு விலை ஏறியது என்பது இரண்டாவது. உரலில் குத்திய பெண்களின் உழைப்புக்குக் கூலி போடாததால் அந்தச் செலவு அன்று கணக்கில் வரவில்லை, அவ்வளவே. மூன்றாவதுதான் வலுவானது: டீக்கடையில் நிற்பவர் “லைட்டா, சக்கரை கம்மியா, நுரை இல்லாம” என்று வாக்கியமாகவே பேசுகிறாரே? அது கட்டளை, விளக்கவுரை ஆகாது. டீ கைக்கு வந்ததும் அவர் பேச்சு அரசியலுக்குப் போய்விடுகிறது. விளக்குபவரோ குடித்து முடித்த பிறகும் குடித்ததைப் பற்றியே பேசுவார்.

விதிக்குச் சோதனைக் களம் தெருவோரக் கூழ் வண்டி. மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்துக் கம்பங்கூழ் விற்ற வண்டியில், உடல் சூடு தணியும், சர்க்கரை கட்டுப்படும் என்று பலகை தொங்குகிறது. உரை தெருவுக்கு இறங்கிவிட்டதால் விதி உடைந்தது என்று கருதத் தோன்றும். உடையவில்லை. வண்டிக்கு முன் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஒருவர் காரை ஓரங்கட்டி, பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுச் சொம்பை வாங்குகிறார். இன்னொருவர் வெயிலில் வந்து, பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போகிறார். கூழ் ஒன்றுதான், காசும் ஒன்றுதான். அந்தப் பலகை அவருக்காக எழுதப்பட்டதல்ல என்பது அவருக்கு எப்போதோ தெரியும்.