உஸ்… கேசட் ஓடுது!

அம்மாபேட்டையில் தறிச்சத்தம் கேட்காத தெருவைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். பழைய கேசட்டை சிடியாக மாற்றுகிறேன் என்று கிளம்பிய ஆசாமி இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். ரிட்டையர் ஆனவர். சட்டைப் பையில் வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் பொடி ஸ்குரூடிரைவர். கேசட்டுக்கு 150 ரூபாய் என்று கடையில் கேட்டார்களாம், அன்றைக்கே கலைஞராகிவிட்டார். “வொயர் நாப்பது ரூவா. மிச்சமெல்லாம் நம்ம மூளைங்க!” இன்னும் முப்பது வருஷம் முன்னால் பிறந்திருந்தால், ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் முதலாளி டி.ஆர்.சுந்தரம் ஒலிப்பதிவு இலாகாவையே தன் கையில் கொடுத்திருப்பார் என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

முதலில் டேப் ரெக்கார்டருக்கு எதிரே மைக்கை நிறுத்திப் பதிந்தார். நாதஸ்வரத்துக்கு நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்தது. அப்புறம்தான் இயர்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்து நீல ஓட்டைக்கு வொயர் போட வேண்டும் என்று தெரிந்தது. (பக்கத்து ரோஸ் ஓட்டை மைக்குக்கு; அதில் செருகினால் தவில் பட்டாசாக வெடிக்கும்.) வொயர் வழியாகப் போனால் வீட்டுச் சத்தம் பதிவில் ஏறாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேசட் ஓடும்போது யாரும் மிக்ஸி போடக் கூடாது, தும்மக் கூடாது. 90 நிமிடக் கேசட் 90 நிமிடம் ஓடியே தீரும். ரிட்டையர் ஆனவருக்கு வீட்டில் இவ்வளவு அதிகாரம் வேறு எதில் கிடைக்கும்?

டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்தது. சாம்பார் பார்சல் கட்டிவந்த ரப்பர் பேண்டை மாட்டினார். அன்று முதல் பாடகருக்குக் கமகம் ஜாஸ்தி.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்துத் திருகை ஒரு மயிரிழை திருப்பினார். மங்கிக் கிடந்த குரல் பளிச்சென்று எழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மனைவியே வந்து நின்று கேட்டார்.

ஆடாசிட்டி என்று ஓர் இலவச மென்பொருள். வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற துண்டைக் காட்டினால், மீதி முழுவதிலும் அதே இரைச்சலைக் குறைக்கும். அப்பாயியின் தாலாட்டுக் கேசட்டில் டேப்பின் ‘உஸ்’ அடங்கியது, கூடவே அன்றைக்குப் பதிந்துபோன தறிச்சத்தம் மசியவில்லை. விடாமல் அளவைக் கூட்டினார். அப்பாயி கிணற்றுத் தண்ணிக்குள்ளிருந்து தாலாட்டுப் பாடினார். தறி அதுபாட்டுக்கு ஓடியது.

வில்லங்கம் கல்யாணக் கேசட்டில் வந்தது. கேசட் 90 நிமிடம். ஆடியோ சிடி கொள்வது 80. இன்னொரு சிடி 15 ரூபாய் என்றதும் முகம் சுண்டிவிட்டது. ராத்திரி பூராவும் யோசித்து, மனைவியின் பெரியண்ணன் மணமக்களை வாழ்த்திப் பேசிய பதினோரு நிமிடத்தை வழித்தெறிந்தார்.

பெரிய மச்சான் வெண்பட்டு வேட்டியோடு வந்து உட்கார்ந்து, முழுசும் கேட்டார்.

“ஏங்க மாப்ள, நான் பேசுனதைக் காணோமே?”

“அது சாப்ட்வேர் பண்ண வேலைங்க மச்சான். எது இரைச்சல்னு அதுவே பார்த்து எடுத்துருது.”