கேள்வி-பதில்: அரண்மனை அடுப்படி

கேள்வி: மாமியாரும் நானும் 'ராயல் ஃபீஸ்ட்' என்ற சீனத் தொடரில் மூழ்கிக் கிடக்கிறோம். ராஜாவுக்கு ஒரு கிண்ணம் சூப் வைக்க இத்தனை சதியா? அந்த அடுப்படிக்கும் நம் ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (ஒரு வாசகி, கிள்ளான்)

பதில்: அரண்மனையில் சூப் வைப்பதும் அரசியல்தான், அம்மா. 2022-ல் வந்த அந்தத் தொடரின் கதை மிங் வம்சத்தில், யோங்லே மன்னர் காலத்தில் தொடங்குகிறது. அதே யோங்லேயின் பந்தியில் நம்மூர் ராஜாவே உட்கார்ந்திருக்கிறார். 1411-ல் மலாக்காவின் பரமேஸ்வரா, மனைவி மக்களோடும் பரிவாரத்தோடும் நான்ஜிங் போனார். மொத்தம் 540 பேருக்கு மேல்! விருந்துக்கு அழைத்தவர் சக்கரவர்த்தி என்பதால் தப்பித்தார். நம் வீட்டுக்கு இத்தனை பேர் வந்தால் வாசற்கதவைச் சாத்திவிடுவோம். மன்னரே முன்னின்று விருந்து வைத்தார், ராணிக்கும் மற்றவர்களுக்கும் வேறு இடத்தில் பந்தி. தினமும் இறைச்சியும் நல்ல மதுவும் அரண்மனை உணவுத் துறையிலிருந்து தங்குமிடத்துக்கே போயினவாம். இதைச் சொல்வது மிங் வரலாற்று நூல். தொடர் எழுதியவர் அல்ல.

ஒன்றே ஒன்று: அந்த விருந்தில் மிளகாய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கான அது, சீனாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பரமேஸ்வரா குறைப்பட்டிருக்க மாட்டார், மலாக்காவிலும் அன்று மிளகாய் இல்லை. அடுத்த காட்சியில் சமையற்காரி மிளகாய் வற்றலைத் தாளித்தால் மாமியாரிடம் தைரியமாகப் பந்தயம் கட்டுங்கள். தோற்றவர் இரவுச் சமையல்.