ஒல்லிப் புத்தகத்துக்கு முதுகு இல்லை

பரிசு பெற்ற சிறுவர் நூல்கள் நூலகத்தில் எங்கேதான் ஒளிந்திருக்கின்றன? கண்ணிலேயே படமாட்டேன் என்கிறதே!
(ஓர் அம்மா, திருச்சி)

ஒளியவில்லை, ஒல்லியாக இருக்கின்றன. நம் சிறுவர் நூல்களில் பல, நடுவே இரண்டு பின் அடித்தவை. முதுகில் பெயர் அச்சிட இடமே கிடையாது. அடுக்கில் இரண்டு தடியர்களுக்கு நடுவே செருகிவிட்டால் ஆள் இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றாக உருவித்தான் பார்க்க வேண்டும். "விருது வாங்கின புக் இருக்கா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நூல் பெயரையும் ஆசிரியர் பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

அந்தச் சீட்டில் எதை எழுதுவது?
(அதே அம்மா. விடமாட்டேன் என்கிறார்)

சாகித்திய அகாடமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால சாகித்ய புரஸ்கார் வழங்குகிறது. தமிழும் உண்டு. ஆயிஷா நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' (2014), யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023). இந்த மூன்றை முதலில் தேடுங்கள். கடைசியது கீழடிக்குக் கூட்டிப்போகும். நடுவில் உள்ளது, தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தவிக்கும் பெற்றோருக்கும் உதவும். நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

பரிசு கொடுப்பவர்கள் நரைத்த தலைகள். அவர்களுக்குப் பிடித்தது பிள்ளைகளுக்கும் பிடிக்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சீர்காழி)

நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் நூலகர்கள் 1922 முதல் வழங்கும் நியூபெரி பதக்கம் பெரிய கௌரவம். ஈ.பி. வைட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்', அதுதான் பன்றிக்குட்டியைக் காப்பாற்றும் சிலந்தியின் கதை, 1953-இல் போட்டியில் இருந்தது. பதக்கத்தை ஆன் நோலன் கிளார்க்கின் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டீஸ்' தட்டிக்கொண்டு போனது. சிலந்திக்குக் கௌரவக் குறிப்போடு சரி. இன்று உலகமெங்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது சிலந்தியைத்தான்.

அதனால் இன்னொரு நடுவர் குழுவையும் கேளுங்கள். நூலகப் புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும் தாள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஊதா மையில் கோணலும் மாணலுமாக முத்திரை நிரம்பி வழிந்தால், அது உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொடுத்த விருது. கணினிக்கு மாறிய நூலகத்தில் இந்தச் சுகம் இல்லை. அங்கே கிழிந்து நைந்த ஓரத்தைப் பாருங்கள்.

நியூபெரி இந்தியர் யாருக்காவது கிடைத்திருக்கிறதா?
(கல்லூரி மாணவி, கோவை)

1928-லேயே! வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன தன் கோபால் முகர்ஜிக்கு, 'கே-நெக்' நூலுக்காக. கதாநாயகன் ஒரு புறா. கல்கத்தாவில் வளர்ந்து, முதல் உலகப் போரில் செய்தி சுமக்கப் போகிறது. புறாவுக்கு விசா கேட்கவில்லை போலிருக்கிறது.

என் பேரன் எழுத்தைத் தொடுவதில்லை, படம் மட்டும் பார்க்கிறான்.
(ஒரு தாத்தா, காரைக்குடி)

பார்க்கட்டும். கால்டெகாட் பதக்கம் என்று ஒன்று, 1938 முதல் படம் வரைந்தவருக்காகவே அமெரிக்காவில் கொடுக்கிறார்கள். பேரன் சரியான இடத்தில்தான் கண் வைத்திருக்கிறான்.

இலவசமாகக் கிடைக்கும் நூலகப் புத்தகத்துக்கு மதிப்பிருக்குமா?
(வணிகர், விருதுநகர்)

இலவசம் என்று யார் சொன்னது? வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்களே, ரசீதைப் பாருங்கள். வியாபாரி நீங்கள், காசு கொடுத்த சரக்கை எடுக்காமல் விடலாமா?

விருதுப் புத்தகம் என்று ஆசையாக எடுத்து வந்தேன். மகன் நாலாம் பக்கத்தில் மூடிவிட்டான்!
(ஓர் அப்பா, சேலம்)

பெரியவர்களுக்கான அகாடமி விருது நாவல்களில் நீங்கள் எத்தனையை முடித்தீர்கள் என்று அவன் இன்னும் கேட்கவில்லையே!