மூக்கு மேஸ்திரி

மேஸ்திரி கரண்டியைத் தொடமாட்டார். கொத்தனார் பூசுவார், சித்தாள் கலவை சுமப்பார், அவர் மட்டும் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அந்த மூலை தூக்கலா நிக்குது" என்பார். கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் இதே வேலையை மூக்குக்குச் செய்கிறவர் ஒருவர் கட்டாயம் உண்டு. பெரும்பாலும் அவர்தான் குழந்தையின் தகப்பன்.

இந்த இனத்தைக் கூட்டமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அமாவாசை கழித்து மாதேஸ்வரன் மலையிலிருந்து மேட்டூருக்கு இறங்குகிற பஸ்ஸில் ஏறலாம். சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைக்கு முதல் மொட்டை போட ஏறுகிற மலை அது. மேலே பனிக்காற்று, பச்சைத் தண்ணீர், தலையில் சந்தனம். இறங்கும்போது பஸ்ஸில் நாலு மொட்டையாவது மூக்கில் கர்புர் என்று சத்தம் போடும். சளி மொட்டையால் வருவதில்லை, அக்காவோ அண்ணனோ பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வந்த கிருமியால் வருகிறது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். பஸ்ஸில் யாரும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

மலை இறங்கி முடிகிற இடம் பாலாறு. வேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது வேறு பாலாறு. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கிற சிற்றாறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். 1956-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம், இந்த மலையோடு சேர்த்து, அன்றைய மைசூர் மாநிலத்துக்குப் போனது. போர்டு கன்னடத்துக்கு மாறியதே தவிர, சாமியும் சளியும் மாறவில்லை. சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். மேஸ்திரி அதற்காகத்தான் காத்திருப்பார்.

மனைவியிடம் குழந்தை. மாமியாரிடம் துணிப்பை, பூஜைப்பை, வெந்நீர் பிளாஸ்க். மேஸ்திரியின் மடியில் ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று மட்டும். உள்ளே மூன்று ரப்பர் பம்புகள் கிடக்கும்.

முதலாவது, "அண்ணா, பாப்பா மூக்குல சளி எடுக்கற பம்பு ஒண்ணு" என்று மெடிக்கலில் கேட்டபோது கடைப் பையன் எடுத்துக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காது கழுவுகிற பல்பு. நுனி நீளம், கட்டி பிளாஸ்டிக். மூக்குக்கு ஆகாது. இரண்டாவது, நுனியும் உருண்டையும் ஒட்டிப்பிறந்த ஒரே துண்டு ரப்பர். இதை எப்படி அலசினாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும். மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தது. பிளேடு எடுத்து நெடுக்காக அறுத்தார். உள்சுவரில் கருப்பாகப் பூஞ்சை. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காபிக்கு முன்னால் அந்த இரண்டு பாதிகளும் வரும். மூன்றாவதுதான் அவருடைய பெருமை: நுனியைத் தனியாகக் கழற்றலாம், சோப்புத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துக் காய வைக்கலாம், சிலிக்கோன் நுனி மெத்தென்று அகலமாக இருப்பதால் மூக்குத் துவாரத்தின் வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே போகாது.

மூன்றில் எதையும் அவர் குழந்தை மூக்கருகில் கொண்டுபோனது கிடையாது. அது மனைவியின் வேலை.

"மொதல்ல வெளியவே அமுக்கிக்கோ. அமுக்கினதுக்கு அப்புறம் வை. இப்ப மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா."

சொல்வதில் துளித் தப்பு கிடையாது. தொல்லையே அதுதான். மூக்கில் வைத்துவிட்டு அமுக்கினால் காற்று சளியை மேலே தள்ளிவிடும். அமுக்கி வைத்துக் கையைத் தளர்த்தினால்தான் பல்பு விரிகிற வேகத்தில் சளி உள்ளே வரும். அதற்கு முன்னால் இரண்டு சொட்டு உப்புநீர் மருந்து விட்டு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த சளி இளகாது. அந்த ஒரு நிமிடத்தை மேஸ்திரி போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பார். பால் கொடுத்த பிறகு செய்தால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும், ஆகவே பாலுக்கு முன். அதுவும் நாளைக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி உறிஞ்சினால் உள்ளே தோல் வீங்கி அடைப்பு இன்னும் கூடும். இந்தக் கடைசி விதியை மட்டும் அவர் மெல்லிய குரலில் சொல்வார், ஏனென்றால் காலையிலேயே கணக்கு முடிந்திருக்கும்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். அவர் காலத்தில் மூக்கடைத்தால் அம்மாவோ அம்முச்சியோ வாயை வைத்து உறிஞ்சித் துப்பினார்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், கிருமி என்பார். அதே உறிஞ்சலுக்கு சுவீடன்காரர்கள் நடுவில் ஒரு குழாயும் வடிகட்டியும் வைத்து டப்பாவில் போட்டு விற்கிறார்கள் என்று தெரிந்தால் நான்காவது வாங்கிவிடுவார். யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அம்முச்சிமார் பக்கம் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்து ஆட்கள் சளி சிரப் பாட்டிலோடு வருவார்கள். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரே உத்தரவு போட்டார். இந்த இருவரையும் பார்க்கும்போது மூக்கு மேஸ்திரி எவ்வளவோ தேவலை. அவரால் நஷ்டம் என்றால் ரப்பர் காசும் பக்கத்தில் இருப்பவர்களின் காதும்தான்.

ஒரு சங்கதி மட்டும் அவருக்குப் பிடிபடாது. பிரசவ அறையிலேயே உறிஞ்சுகிற வழக்கம் குறைந்துவிட்டது: பனிக்குடத்து நீர் தெளிவாக இருந்து, பிள்ளை தானாக மூச்சு விட்டால் வாயிலும் மூக்கிலும் குழாயை விட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. அதாவது, பிள்ளை சமாளித்துக்கொண்டிருந்தால் சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம். மேஸ்திரிக்குச் சும்மா இருக்க வராது.

பாலாற்றில் வண்டி நின்றது. ஓடுகிற பஸ்ஸில் பம்பை எடுக்க விடமாட்டேன் என்று மாமியார் மலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலேயே மிக நல்ல வார்த்தை அது. இப்போது ஜிப் திறந்தது. சொட்டு விட்டாயிற்று. ஸ்டாப்வாட்ச் ஓடியது. "நாப்பது... நாப்பத்தஞ்சு..."

"மாப்ளைங்க, அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்க" என்றார் மாமியார். பேரனின் சட்டையைத் தூக்கினார். விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்தார். ஸ்டாப்வாட்சை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை வாய்க்குள்ளேயே எண்ணினார். ஏழு மாதப் பிள்ளைக்கு நிமிடத்துக்கு ஐம்பதைத் தொட்டாலே ஆஸ்பத்திரி என்று அங்கன்வாடியில் கேட்டு வைத்திருந்தார். "முப்பத்தெட்டு. பாலு குடிக்கறான், சிரிக்கறான். ஒண்ணும் இல்லீங்க."

மேஸ்திரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பேரன் தும்மினான். ஒன்றல்ல, இரண்டு. வர வேண்டியது முழுசாக வந்து மேஸ்திரியின் வெள்ளைச் சட்டையில், பாக்கெட்டுக்கு மேலே உட்கார்ந்தது.

"உப்புத்தண்ணி வேலை செஞ்சிருக்குது, பாத்தீங்களா அத்தை" என்றார்.

"உச்சந்தலையில நான் வெச்ச எண்ணெய்ங்க மாப்ளை."

குழந்தையின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பால் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

வண்டி கோவிந்தபாடியைத் தாண்டும்போது சட்டை காய்ந்திருந்தது, பம்பு இன்னும் கையிலேயே இருந்தது. இரண்டு சீட் முன்னால் வேறொரு மொட்டை கர்புர் என்றது. மேஸ்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு எந்த மூக்குங்க? வலதா, இடதா?"