எதிர்வெயிற் படவியல்: உக்கடம் பெரியகுளக் கரையை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

நிலக்காட்சியை வெயிலுக்கு எதிர்முகமாக நின்று படமெடுத்தல் பற்றி ஈண்டு உரைப்பாம். அதற்குமுன் ‘பொழுது’ என்ற சொல்லைத் தீர்த்துவிட வேண்டும். கொங்குநாட்டில் பொழுது என்றால் சூரியன். நேரமும் பொழுதுதான். “பொழுதோட வாங்க” என்று ஒருவர் சொன்னால் சாயங்காலம் வரச்சொல்கிறார் என்று பொருள். சூரியனையும் சாயங்காலத்தையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கும் ஊரில் கேமரா வாங்கியவன் எதிர்வெயிலிலிருந்து தப்ப முடியாது.

அஃது யாங்ஙனம் எனின், நீரியல் சான்றும் உண்டு. வெள்ளியங்கிரிப் பக்கமிருந்து இறங்கும் நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. தண்ணீர் கிழக்கே சாய்ந்தால், அதைத் தேக்கும் கரையும் கிழக்குப் பக்கமாகத்தான் அமையும். ஆகவே மாலையில் காற்று வாங்கக் கரைமேல் ஏறுகிறவர் தண்ணீரையும் மலையையும் பொழுதையும் ஒரே வரிசையில் பார்க்கிறார். குளங்கள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். மறுக்கவில்லை. இன்னொரு பயனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கள ஆய்வின் முதல் நாள் நாட்காட்டியில் சூரிய அஸ்தமனம் பார்த்து, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். பொழுது போயே போய்விட்டிருந்தது. நாட்காட்டி தட்டையான தொடுவானத்துக்குக் கணக்குப் போடுகிறது. நமக்கோ மேற்கே மலை. வானத்தில் ஒரு பாகை நகரப் பொழுதுக்கு 4 நிமிடம் ஆகிறது. கரையிலிருந்து பார்க்கையில் மலை 3 பாகை உயரம் நின்றால் 12 நிமிடம் முன்னதாகவே ஆட்டம் முடிந்தது. போதாக்குறைக்கு, மார்கழியில் மேற்கிலிருந்து தெற்கே 24 பாகை தள்ளி இறங்குகிற பொழுது, ஆனியில் வடக்கே அதே அளவு தள்ளி இறங்கும். ஒரே கல்லின்மேல் நின்று வருஷம் முழுக்க ஒரே படம் எடுக்கலாம் என்ற என் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. ஆடி மாதத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முக்காலியை ஆட்டும், மலைமேல் மேகம் போர்த்திக் கிடக்கும்.

கிடைத்த படங்கள் இரண்டு சம்பிரதாயங்களாகப் பிரிந்தன. கரிக்கட்டைச் சம்பிரதாயத்தில் வானம் அழகு. கரை, தென்னை, படத்துக்கு நிற்கக் கூட வந்த என் மச்சான் எல்லாம் ஒரே கறுப்பு. சுண்ணாம்புச் சம்பிரதாயத்தில் மச்சான் சட்டைப் பொத்தான்வரை தெரிகிறார். வானத்துக்கு யாரோ வெள்ளையடித்துவிட்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அது. சராசரியில் நம்பிக்கை வைத்தவரிடம் பொழுதைக் காட்டினால் மிரண்டுபோய் எல்லாவற்றையும் இருட்டாக்குகிறார். நிழலைக் காட்டினால் இரக்கப்பட்டு அத்தனையையும் வெளுக்கிறார். பரிகாரம்: பொழுதுக்குப் பக்கத்து வானத்தில் அளவெடுத்துப் பூட்டிக்கொண்டு, அப்புறம் காட்சியை அமைக்க வேண்டும். செல்போன் ஆனால் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்தால் போதும். மச்சானுக்கு வருத்தம்தான்.

இனிப் பூர்வபட்சம். “வெயில் முதுகுல படணுமுங்க, எதுக்கால நின்னா ரோலு வேஸ்ட்டு” என்பது பழைய ஸ்டூடியோக்காரர்கள் வாக்கு. உதகையில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சுருளை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் அது நியாயமே. மேலும், பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். லென்ஸுக்குள் பல கண்ணாடிகள். ஒளி உள்ளேயே பந்தாடிப் படத்தின்மேல் பாலாடை விரிக்கும். 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்ணாடிக்குப் பூச்சுப் பூசும் வழி கண்டபிறகு பாலாடை மெலிந்தது.

என் படங்களில் மட்டும் மெலியவில்லை. பல மாலைகள் இதை ஆராய்ந்தேன். காரணம் இயற்பியலில் இல்லை, காளானில் இருந்தது. குளக்கரைக்குப் போகும் வழியில் தள்ளுவண்டிக் காளான் ஒரு தட்டு சாப்பிடுவது வழக்கம். விரலை வேட்டியில் துடைத்ததாக நினைவு. லென்ஸ் வேறு சொல்லிற்று. முதுகில் வெயில் படும்போது மறைந்து கிடக்கும் கைரேகை, எதிர்வெயிலில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வைத்தது போலத் தெளிந்து எழும்.

கடைசியாக, இத்துறையின் முன்னோடியைக் குறிப்பிடாமல் விடுவது நன்றிகெட்டதனம். காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் மேற்குப் பார்த்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இடக்கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துத் தடத்தைப் பார்ப்பாள் என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள். லென்ஸ் மறைப்பு என்று கடையில் காசு வாங்கி விற்பது அந்தக் கையைத்தான். பொழுது முதுகில் நிற்க வருகிறவன் வெறும் கறுப்பு உருவம். ஆனாலும் அவன் யார், கூலி கேட்க வருகிறானா, வாங்கின கடப்பாரையைத் திருப்பித்தர வருகிறானா என்று மாட்டுக்கொட்டாயைத் தாண்டுமுன் சொல்லிவிடுவாள். “மூஞ்சி எதுக்குடா கண்ணு, நடையப் பாத்தாத் தெரியாதா?” கறுப்பு உருவத்தில் வடிவம் தெரியவேண்டுமானால் ஆளும் ஆளும் ஒட்டாமல், மரத்தோடு தலை கலக்காமல் விலக்கி நிறுத்த வேண்டும் என்று புத்தகங்கள் பல பக்கம் சொல்வது இதையே.

கரிக்கட்டைச் சம்பிரதாயத்தில் தேறிய ஒரே படத்தைச் சென்ற பொங்கலுக்கு அவளிடம் நீட்டினேன். மலை, தண்ணீர், தென்னை, ஓரத்தில் எறும்பளவு ஒரு ஆள், மச்சான் எடுத்தது. வீட்டில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அமுச்சி செல்போனை எட்டப் பிடித்து, இடக்கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

“நம்ம பையந்தான். தோளத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான் பாரு.”